சாவியக்காவின் பத்து இலக்க எண்

பூட்டுத் திறக்க வருகிறவர் ஒரு பெண் என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்கிறவர்கள், அவருக்குப் பின்னால் ஆண் யாராவது வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். சாவியக்கா அதற்கெல்லாம் கோபப்பட்டதில்லை. பையைக் கீழே வைத்து, மண்டியிட்டு, பூட்டின் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு, கண்ணை மூடிக்கொள்வார். நிற்கிறவர்கள் கையைப் பிசைந்து முடிப்பதற்குள் பெரும்பாலும் கதவு திறந்துவிடும். பொறுமைசாலி என்று பெயரெடுத்தவர். அந்தப் பொறுமையை ஒரு தொலைபேசி எண் கரையான் மாதிரி அரித்துத் தின்றது.

முதலில் அவர் பூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். ஆலை வேறு ஊருக்கு மாறியபோது கூடப் போகாமல் நின்றுவிட்டார். கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். மாமியாரும் அவர்களோடுதான். பிள்ளைகள் இல்லை. வீட்டின் முன்னறையைக் கடையாக்கி, சாவி வெட்டும் இயந்திரத்தை ஜன்னலோரம் போட்டார். கடைக்கென்று ஒரு தனி எண் வேண்டும் என்று போன் கடைக்குப் போனார்.

"ஞாபகம் வச்சுக்கற மாதிரி நம்பரெல்லாம் போயிடுச்சுங்க. இது ஒண்ணுதான் இருக்கு," என்றார் கடைக்காரர்.

2147483647. ஒன்றோடொன்று ஒட்டாத இலக்கங்கள். கணவர் முகத்தைச் சுளித்தார். சாவியக்கா, "வெளிய மாட்டிக்கிட்டவங்க ஸ்டிக்கரைப் பார்த்துத்தானே கூப்பிடப் போறாங்க. மனப்பாடமா பண்ணப் போறாங்க?" என்று வாங்கிவிட்டார். வண்டியின் இரு பக்கமும் அந்த எண்ணை எழுத வைத்தார். ஸ்டிக்கர் அடித்து, அடுக்குமாடிகளின் மாடிப்படிகளிலும் லிஃப்ட் பக்கத்திலும் கதவு நிலைகளிலும் ஒட்டினார். நகரத்தின் பாதிக் கதவுகள் அந்த எண்ணைத் தாங்கி நின்றன.

கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் ஒரு காலையில் ஒருவர் கூப்பிட்டு, எடுத்த எடுப்பில் கத்தினார். "டாக்சியைத் தெருமுனையில நிறுத்திட்டு எவ்வளவு நேரமா நிக்கறது? வர்றீங்களா இல்லையா?"

"டாக்சி நான் கூப்பிடலையேங்க."

"எங்க கம்ப்யூட்டர்ல இந்த நம்பர்தானே இருக்கு."

இரண்டு நாள் கழித்துப் பல் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண், அவருடைய கடைவாய்ப் பல்லுக்கு உறை வந்துவிட்டது என்றாள். சாவியக்காவுக்கு எல்லாப் பல்லும் சொந்தப் பல். பிறகு சலவைக் கடை, கால்நடை மருத்துவர், தண்ணீர் கேன் நிறுவனம். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள். ஆனால் எல்லோரும் தேடுவது வேறு வேறு ஆளை, எல்லோரிடமும் இருப்பது இவருடைய எண். ஒவ்வொரு இடத்திலும் சொல்லி எண்ணை எடுக்க வைத்தார். அதே இடத்திலிருந்து மறுநாள் இன்னொருவரைக் கேட்டு அழைப்பு வந்தது.

ஒரு பள்ளிக்கூடத்திலிருந்தும் வந்தது. "உங்க பையன் இன்னிக்கு வரலை. உடம்பு சரியில்லையா?"

சாவியக்கா சாவி வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினார். "எனக்குப் பையன் இல்லைங்க," என்று சொல்லி வைத்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார், "ஏம்மா, அந்தப் பையன் ஏன் வரலையாம்? கேட்டியா?" என்றார்.

"யாரோ பெத்த பையன் அத்தை. நான் என்னத்தைக் கேக்க?"

"கேட்டா என்ன குறைஞ்சு போயிடும். பாவம், காய்ச்சலோ என்னமோ."

தெரியாத எண் என்றால் எடுக்காமல் விட்டுவிடலாமே என்று கணவர் சொன்னார். அங்கேதான் சிக்கலே. கதவுக்கு வெளியே நிற்கிறவரின் போனும் உள்ளேதான் இருக்கும். பக்கத்து வீட்டாரிடமோ தெருவில் போகிறவரிடமோ போனை வாங்கித்தான் கூப்பிடுவார்கள். சாவியக்காவின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் தெரியாத எண்கள்தான். எடுக்காமல் இருந்தால் பிழைப்பு போய்விடும். எடுத்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

அப்படியே நாட்கள் போயின. அவருடைய குரல் மாறியது. "ஹலோ" என்பதே அடிக்கிற மாதிரி வந்தது. சாவி வெட்டும்போது கவனம் சிதறி இரண்டு சாவிகளை வீணாக்கினார். முன்பெல்லாம் அது நடந்ததே இல்லை.

ஒரு நாள் விடிந்ததிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருந்தது. சலவைக் கடை, டாக்சி, மறுபடியும் டாக்சி, ஒரு பூனைக்குத் தடுப்பூசி நாள். பத்து நிமிடம் அமைதி. பிறகு இன்னொரு அழைப்பு. பின்னால் ஒரே இரைச்சல், ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டு, "அக்கா, என் குழந்தை உள்ள..." என்றாள்.

"உங்க குழந்தையைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. தப்பான நம்பர்," என்று சாவியக்கா வைத்துவிட்டார்.

மறுபடி அடித்தது. காதில் வைக்காமலே துண்டித்தார். மூன்றாவது முறை அடித்தபோது போனை அணைத்து, அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினார். அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மாலையில் கணவர் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, காலையில் போனில் கூப்பிட்ட அந்தப் பெண் குடியிருக்கும் அடுக்குமாடியில்தான் இருந்தார். அவர் மூலம் விஷயம் வந்திருந்தது. குப்பை கொட்ட வெளியே வந்த தாய். காற்றில் சாத்திக்கொண்ட கதவு. உள்ளே தவழ்கிற குழந்தை, அடுப்பில் கொதிக்கிற பால். கதவு நிலையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். கடைசியில் மொட்டை மாடி நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே போயிருக்கிறாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவள் முழங்கையில் தையல் போட்டிருக்கிறார்கள்.

"அந்த பில்டிங்ல உன் ஸ்டிக்கரை எல்லாம் சுரண்டி எடுத்துட்டாங்களாம்," என்றார் கணவர்.

சாவியக்கா அரிசி டப்பாவைத் திறந்து போனை எடுத்து, முந்தானையால் துடைத்து மேசை மேல் வைத்தார். மறுநாள் கடையைத் திறக்கவில்லை. இருப்பதிலேயே பக்கத்தில் இருந்த தண்ணீர் கேன் நிறுவனத்துக்கு நடந்தே போனார்.

முன்மேசையில் இருந்தவள், "எங்க சிஸ்டத்துல இந்த நம்பர்தான் காட்டுது, நாங்க என்ன பண்றது?" என்றாள்.

"அந்தச் சிஸ்டத்தை யார் செஞ்சாங்களோ அவங்களைக் கூப்பிடுங்க. நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்," என்றார் சாவியக்கா. சொன்னபடி உட்கார்ந்தும் விட்டார். காலிக் கேன்களை ஏற்றி இறக்குகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மதியத்துக்கு மேல்தான் புரோகிராமர் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கடுமையான ஜலதோஷம், மூக்கு சிவந்திருந்தது, ஏசிக்குப் பயந்து தடித்த சால்வை ஒன்றைப் போர்த்தியிருந்தாள்.

"உங்க நம்பர் என்னக்கா?"

சாவியக்கா சொன்னார். ஏழாவது இலக்கம் சொல்லும்போதே அந்தப் பெண்ணின் முகம் மாறியது. மீதி மூன்றையும் அவளே சொல்லி முடித்தாள்.

"இந்த நம்பர் நிஜமாவே ஒருத்தர்கிட்ட இருக்கா?" என்றாள். அவள் குரலில் இருந்தது வருத்தமில்லை, சந்தோஷம். சாவியக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இருக்கு. அதை வச்சுக்கிட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். ஏன்னு சொல்லு முதல்ல."

அவள் ஒரு காலிக் கேனைக் காட்டினாள். "இதுல இருபது லிட்டர்தான் பிடிக்கும். நீங்க ஐம்பது லிட்டர் ஊத்தினாலும் உள்ள நிக்கறது இருபதுதான். எண்ணைச் சேர்த்து வைக்க கம்ப்யூட்டர்ல நாங்க போட்ட இடமும் அப்படித்தான். வரிசையா முப்பத்தொரு ஸ்விட்ச்னு வச்சுக்கோங்க. முதல் ஸ்விட்ச் போட்டா ஒண்ணு. அடுத்தது ரெண்டு. அடுத்தது நாலு, எட்டு, பதினாறுன்னு இரட்டிச்சுக்கிட்டே போகும். முப்பத்தொண்ணையும் போட்டுக் கூட்டினா எவ்வளவு வரும் தெரியுமா? உங்க நம்பர். அதுக்கு மேல ஒண்ணுகூடச் சேர்த்து வைக்க இடமில்லை."

"சரி. அதுக்கு?"

"யாராவது அறுநூறு கோடி, தொள்ளாயிரம் கோடின்னு வர்ற மாதிரி போன் நம்பர் குடுத்தா, அது உள்ள கொள்ளாது. நிரம்பற வரைக்கும் நிரப்பிட்டு நின்னுடும். நிரம்பினா அது உங்க நம்பர்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதாவது, உங்க நம்பரை விடப் பெரிய நம்பர் வச்சிருக்கிற அத்தனை பேரும் எங்க கம்ப்யூட்டருக்கு நீங்கதான்."

ஆறிலும் எட்டிலும் ஒன்பதிலும் தொடங்குகிற எண்களைச் சாவியக்கா மனதுக்குள் நினைத்துப் பார்த்தார். நகரத்தில் முக்கால்வாசிப் பேர் அதில் அடக்கம்.

"இதை முன்னாடியே யோசிக்க மாட்டீங்களா?"

"யோசிச்சிருக்கணும். கூட்டிக் கழிக்காத ஒண்ணை எண்ணா வைக்கவே கூடாது. போன் நம்பரை யாரு கூட்டப் போறா? எழுத்தா வச்சிருந்தா எவ்வளவு நீளமானாலும் கொள்ளும். தப்பு எங்களோடதுதான். நான் இன்னிக்கே மாத்திடறேன்." இதோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. "ஆனா அக்கா, இது சாதாரண நம்பர் இல்லை. இது பகா எண். ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. கம்ப்யூட்டரெல்லாம் வர்றதுக்கு ரொம்ப முந்தியே ஒருத்தர் கையால கணக்குப் போட்டு நிரூபிச்சிருக்காரு."

"அவருக்குப் போன் வந்திருக்காது," என்றார் சாவியக்கா.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது கணவர் நம்பவில்லை. சாப்பாட்டு மேசையில் கால்குலேட்டரை எடுத்து வைத்து, ஒன்றில் ஆரம்பித்து இரட்டித்துக்கொண்டே போனார். ஆயிரத்தைத் தாண்டியது, பத்து லட்சத்தைத் தாண்டியது. முப்பத்தோராவது தடவையில் 2147483648 என்று வந்து நின்றது.

"ஒண்ணு அதிகமா இருக்கே," என்றார்.

"அதுல ஒண்ணைக் கழிச்சாதான் என் நம்பராம். எல்லா ஸ்விட்ச்சையும் கூட்டினா அவ்வளவுதான் வருமாம்."

"நம்ம நம்பர்ல இந்த ஒரு ஒண்ணு அதிகமா இருந்திருந்தா நமக்கு இந்தத் தொல்லையே இல்லை."

அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. பள்ளி விடுவதற்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் அந்த எண்ணை எதையாவது கொண்டு வகுத்துக்கொண்டிருப்பார். வந்து சொல்வார்: "ரெண்டால வகுத்தா ஒண்ணு மிச்சம். மூணால வகுத்தா ஒண்ணு. ஏழால வகுத்தாலும் ஒண்ணு. ஒன்பது, பதினொண்ணு, எல்லாத்துலயும் ஒண்ணே ஒண்ணு மிஞ்சுது. அஞ்சுலதான் ரெண்டு மிஞ்சிடுச்சு."

"வகுபட்டா என்ன, வகுபடாட்டி என்ன? யாராவது ஒருத்தர் கூப்பிடறது குறைஞ்சுதா?" என்று சாவியக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காரணம் தெரிந்த தைரியத்தில், அந்தத் தாயைப் பார்க்க அடுக்குமாடிக்குப் போனார். உடைந்த ஜன்னலுக்குப் புதுக் கொக்கி ஒன்றும், கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளாத பூட்டு ஒன்றும் பையில் இருந்தன. அந்தப் பெண் கதவைப் பாதி திறந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. முழங்கையில் கட்டு. சாவியக்கா வாசலில் நின்றபடியே ஸ்விட்ச், கேன், நிரம்புவது எல்லாவற்றையும் சொன்னார். தனக்கு விளக்கியது போலவே விளக்க முயன்றார். பாதியில் தடுமாறிப்போனது.

அவள் முழுக்கக் கேட்டாள். "எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதுங்க. அன்னிக்கு நீங்க போனை வச்சிட்டீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"ஆமாம்மா. வச்சிட்டேன்."

"இப்ப வேற ஆளை வச்சுப் பூட்டு மாத்தியாச்சு."

குழந்தை சாவியக்காவின் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டியது. தாய் ஒரு அடி பின்வாங்கினாள். சாவியக்கா கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். படியிறங்கும்போது, ஸ்டிக்கர் சுரண்டிய இடங்களில் பசை மட்டும் வெள்ளையாக நின்றதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தண்ணீர் நிறுவனத்திலிருந்து மட்டும் அழைப்பு நின்றது. மற்ற இடங்களிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. போதாக்குறைக்குப் புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்தது. புரோகிராமர் ஆசையை அடக்க மாட்டாமல் தன் தோழி ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். தோழி அதை எண் பித்தர்கள் கூடுகிற ஏதோ ஓர் இணையக் குழுவில் போட்டுவிட்டாள். பல் தேய்க்கும்போது ஒருவர், "இது நிஜமாவே அந்த நம்பரா? சும்மா கேட்டுப் பார்த்தேன், நன்றி," என்று வைத்தார். இன்னொருவர் வாழ்த்துச் சொன்னார். ஒரு பெரியவர் மிக மரியாதையாக, "நீங்க கணிதத் துறையா?" என்று கேட்டார்.

"பூட்டுத் துறை," என்றார் சாவியக்கா.

ஒரு கதவுக்கு முன்னால் மண்டியிட்டு, பூட்டுக்குள் இருக்கும் முட்களில் கடைசியும் மேலேறி நிற்கும் நேரத்தில் இன்னொரு பித்தர் கூப்பிட்டார். கை நழுவி, எல்லா முள்ளும் பழையபடி கீழே விழுந்துவிட்டன. அங்கேயே உட்கார்ந்து, அன்று அவள் கொடுத்திருந்த எண்ணில் புரோகிராமரைக் கூப்பிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் அழுதுவிட்டாள். குழுவில் சொல்லி நிறுத்துகிறேன் என்றாள். சாவியக்கா போனை வைத்துவிட்டு, தான் திட்டியதற்காகவும் வருந்தினார், திட்டியது போதவில்லை என்றும் நினைத்தார்.

அன்று மாலை எண்ணை மாற்றுவது என்று முடிவு செய்தார். புது எண் ஆறில் தொடங்கியது. வண்டிக்கு மறுபடி எழுத்து, புது ஸ்டிக்கர். எட்டிய இடமெல்லாம் பழையதன் மேல் ஒட்டினார். எட்டாத இடங்கள் எத்தனையோ. பழைய ஸ்டிக்கரைப் பார்த்து யாராவது கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே.

"அந்தப் போனை என்கிட்ட குடு. எனக்கும் பொழுது போகும்," என்றார் மாமியார்.

மாமியாருக்கு அது பிடித்துப்போனது. பூட்டு என்று யார் சொன்னாலும் மருமகளுக்குச் சொல்லிவிடுவார். மற்றவர்களிடம், "தப்பான நம்பர்ப்பா, உங்க கம்ப்யூட்டரைத் திருத்தச் சொல்லு," என்று சாவியக்கா சொல்லிக் கொடுத்தபடி சொல்வார். பல் மருத்துவமனைப் பெண்ணோடு மட்டும் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம்.

சாவியக்காவின் புதுப் போன் அமைதியாக இருந்தது. அளவுக்கு அதிகமாகவே அமைதியாக இருந்தது. மொத்த வியாபாரியிடம் கேட்டிருந்த பூட்டுகள் வரவே இல்லை. வாடிக்கையாளர் மூன்று பேர் பொறுத்துப் பார்த்து வேறு இடம் போனார்கள். ஒரு நாள் அவரே மொத்த வியாபாரியின் அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தார்.

"பார்சல் ரெண்டு தடவை அனுப்பினோம்மா. டெலிவரி ஆள் கூப்பிட்டா யாரோ ஒரு பெரியம்மா எடுத்து, உங்க கம்ப்யூட்டரைத் திருத்துங்கன்னு சொல்லிட்டு வச்சிடுறாங்க. திரும்பி வந்துடுச்சு."

சாவியக்கா அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். புது எண் ஆறில் தொடங்குகிறது. பழையதை விடப் பெரியது. இவர்களுடைய கம்ப்யூட்டரில் அது கொள்ளவில்லை. நிரம்பி, பழைய எண்ணாகவே நின்றுவிட்டது. தன் எண்ணைக் கொடுத்தும், தானே தனக்குத் தப்பான நம்பர் ஆகிவிட்டார்.

வீட்டுக்குப் போய் மாமியாரிடம் எரிந்து விழுந்தார். "பார்சல்னு சொன்னா யாருக்குன்னு கேக்க மாட்டீங்களா அத்தை?"

"நீ என்ன சொல்லச் சொன்னியோ அதைத்தானே சொன்னேன். பூட்டுன்னு அவன் சொல்லவே இல்லையே," என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பேரும் அன்று பேசிக்கொள்ளவில்லை. நடுவில் அகப்பட்ட கணவர் கால்குலேட்டரைக்கூடத் தொடாமல் படுத்துவிட்டார்.

காலையில் சாவியக்கா நேராகப் போன் கடைக்குப் போனார்.

"இருநூத்திப் பதினாலு கோடிக்குக் கீழ ஒரு நம்பர் வேணும்."

கடைக்காரர் விழித்தார். "ஃபேன்சி நம்பர் கேக்கறவங்க உண்டு. பிறந்த நாள் வர்ற மாதிரி கேக்கறவங்க உண்டு. சின்ன நம்பர் வேணும்னு நீங்கதாங்க முதல் ஆளு."

"இருக்கா இல்லையா?"

ஒன்றில் தொடங்கும் எண்களைக் கொடுப்பதே இல்லை என்றார் அவர். இருபதில் தொடங்குவது எப்போதாவது யாராவது திருப்பிக் கொடுத்தால் உண்டு. சாவியக்கா வாரத்துக்கு இரண்டு முறை போய் நின்றார். கடைக்காரர் அவரைத் தூரத்தில் பார்த்தாலே தலையை ஆட்டிவிடுவார். கடைசியில் யாரோ ஊரைவிட்டுப் போக, 2093 என்று தொடங்கும் ஓர் எண் கிடைத்தது. மறுபடி வண்டிக்கு எழுத்து. மறுபடி ஸ்டிக்கர்.

மொத்த வியாபாரியின் கம்ப்யூட்டரில் அது முழுசாக உட்கார்ந்தது. பூட்டுகள் வந்தன. பல் மருத்துவமனை, டாக்சி, பள்ளிக்கூடம் மூன்றுக்கும் மென்பொருள் விற்றது ஒரே நிறுவனம் என்று புரோகிராமர் கண்டுபிடித்து, விடாமல் எழுதி, வருடக் கடைசியில் அதைத் திருத்த வைத்தாள். பழைய எண்ணுக்கு வரும் அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. நிற்கவில்லை; நிற்கும் என்று சாவியக்காவும் எதிர்பார்க்கவில்லை. மாமியாருக்கு அழைப்புக் குறைந்ததில் வருத்தம். அந்த அடுக்குமாடியிலிருந்து இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை.

இப்போதெல்லாம் போன் அடித்தால் சாவியக்கா "ஹலோ" சொல்வதில்லை. எடுத்ததும், "பூட்டா?" என்றுதான் கேட்கிறார். அதட்டுகிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் மெதுவாகக் கேள் என்று கணவர் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். கதவுக்கு வெளியே நிற்கிறவர்களில் சிலர் பயந்துபோய் வைத்துவிடுகிறார்கள். அவர்களைச் சாவியக்காவே திரும்பக் கூப்பிட்டு, எந்தத் தெரு, என்ன பூட்டு என்று கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது.